உமி தந்த எண்ணெய்

ஓட்ஸ் தானியத்தை உணவாக்கும் ஆலைக்கு உமி ஒரு பெருந்தொல்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சீடர் ராப்பிட்ஸ் நகரிலுள்ள குவேக்கர் ஓட்ஸ் ஆலையில் அவ்வுமி மலைபோற் குவிந்தது. அதனை நல்ல கால்நடைத் தீனியாக்க முயன்றவர்களுக்கு அகப்பட்டதோ வேறொரு பொருள். 1922ஆம் ஆண்டில் பர்புரல் என்னும் எண்ணெய் போன்ற திரவத்தை அங்கே பேரளவில் உற்பத்தி செய்யத் தொடங்கினர்.

பொருள் புதியதன்று. வேறொன்றைச் செய்கையில் தற்செயலாகக் கண்ட இதனைப்பற்றி ஜேர்மானிய இரசாயனவியலாளர் டோபரைனர் 1832இலேயே எழுதியிருந்தார். இலத்தீன் மொழியில் தவிட்டுக்குப் ‘பர்பர்’ என்று பெயர். பர்புரல் என்பது அதிலிருந்து பிறந்தது.

உமியிலும் வைக்கோலிலும் செலுலோசுடன் பின்னிக் கிடக்கும் ஒரு பகுதி, ஐந்து காபன் அணுக்களையுடைய வெல்லங்களாலானது. உமியுடன் சிறிது கந்தக அமிலஞ் சேர்த்து, அழுத்தமுள்ள கொதிநீராவியைச் செலுத்தினால் அப்பகுதி வெல்லங்களாகச் சிதையும். ஒவ்வொரு வெல்ல மூலக்கூறும் மூன்று நீர் மூலக்கூறுகளை இழந்து பர்புரலாகும். அதனை நீராவியே வெளியே வாரிக்கொண்டு வரும். நூறு இறாத்தல் உமிக்கு ஏறத்தாழப் பத்து இறாத்தல் கிடைக்கும். எஞ்சிய சக்கை கொதிகலனுக்கு விறகாகும். மசகெண்ணெயைத் தூய்மையாக்கவும், வார்ப்பாலைகளின் மணல் அச்சுக்களைப் பிணைக்கவும் இது பயன்பட்டது. நைலோனுக்குரிய மூலப்பொருளொன்றும் சில காலம் இதிலிருந்து செய்யப்பட்டது. உமியிலிருந்து காலுறை என்றால் வியப்பன்றோ!

எரிபொருளின் கதை இத்துணை எளிதன்று. பர்புரலை அப்படியே எஞ்சினில் ஊற்ற இயலாது. வைத்த இடத்திலேயே கறுத்துப் பிசினாகிவிடும். ஐதரசனை ஏற்றினால் மெதைல்பியூரான் முதலிய, பெற்றோலுடன் கலக்கத்தக்க திரவங்கள் கிடைக்கும். விமான எரிபொருளுக்கோ இன்னும் நீண்ட காபன் சங்கிலிகள் வேண்டும். வெல்லத்திலிருந்து வரும் இவ்வினப் பொருள்களை அசற்றோனுடன் இணைத்து நீளச்செய்யும் வழியை, 2005இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டுமெசிக் குழுவினர் காட்டினர். ஆனால், இன்று ஐதரசன் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தே பெறப்படுகின்றது. அதனை ஏற்றிவிட்டு, முழுவதும் உமி தந்ததே என்பது நேர்மையான கணக்காகாது.

இன்னுமொன்று: சீடர் ராப்பிட்ஸில் உமி ஆலைவாயிலிலேயே கிடந்தது. வயலெங்கும் சிதறிய வைக்கோலையோ கட்டவும் ஏற்றவும் மழைக்குக் காக்கவும் வேண்டும். முழுவதையும் அள்ளிவிட்டால் மண் தன் பசளையை இழக்கும். இன்று பர்புரலை மிகுதியாகச் செய்யும் சீனா, மணி உதிர்த்த சோளப் பொத்திகளையே கொள்கின்றது. டொமினிக்கன் குடியரசில் கரும்பாலையின் சக்கை பயன்படுகின்றது. இரண்டும் வேறொரு தொழிலுக்காக ஏற்கெனவே ஓரிடத்தில் வந்து குவிந்தவை.