தூண்டில் சொல்லும் செய்தி
(தோட்டப் பொது மண்டபத்தில் நிகழ்த்திய உரை)



ஓய்வு நாளில் தூண்டிலும் மண்புழு டப்பாவுமாய் ஆற்றங்கரைக்குச் செல்வது நம்மவர்க்குப் பழகிய ஒன்று. பொழுதும் போகும், கறிக்கும் வழி பிறக்கும். "முன்போல் மீன் இல்லையே!" என்ற குறையைச் செல்லுமிடமெல்லாம் கேட்கிறேன். மீன் உண்டு, அகப்படும் மீனினந்தான் மாறிவிட்டது. பேரா ஆற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்க விரும்புகின்றேன். அவ்வாறு நம் தொழிலோடு உறவுடையது. அதன் கரையிலுள்ள கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டிலேயே இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன.

ஏறத்தாழ 400 கிலோமீட்டர் ஓடும் இவ்வாற்றின் குறுக்கே 1930இல் செண்டேரோ அணை எழுந்தது. 1970களின் பிற்பகுதியிலிருந்து தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங் அணைகளும் எழுந்தன. அவற்றால் மின்சாரம் கிடைத்தது. அதனைக் குறை கூறேன். ஆயினும் முட்டையிட இடம்பெயரும் மீனுக்கு அணை ஒரு மதிற்சுவர். தெமோலே மீன் இன்று உலகளவில் அருகிவரும் இனங்களுள் ஒன்றாகிவிட்டது. தேங்கிய நீரில் தோமான் செழிக்கிறது. தெளிந்து ஓடும் நீரை நாடும் கெலாவைக் காண வேண்டுமெனில் காட்டோடைகளுக்குத்தான் செல்லவேண்டும்.

இனி நம் வாசலுக்கு வருவோம். நான் சிறுவனாயிருந்த தோட்டத்தில், தொழிற்சாலைக் கழிவுநீர் ஆற்றில் கலக்குமிடத்தில், விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து நிற்கும். கூடையால் அள்ளுவோம். ஆறு வாரி வழங்குகிறது என்று மகிழ்ந்தோம்! அவை மூச்சுக்குத் தவித்தன என்பது பின்னரே விளங்கியது. திராவகம் இட்டு உறையவைத்த பாலிலிருந்து வடியும் நீரில் பல பொருள்கள் கரைந்துள்ளன. அவற்றை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் ஆற்றுநீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். செம்பனை ஆலைக் கழிவும் அவ்வாறே. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. அதன்கீழ்ச் செம்பனை எண்ணெய்க்கு 1977இலும், இரப்பருக்கு 1978இலும் விதிகள் பிறந்தன. கழிவுநீரைக் குட்டைகளில் தேக்கிச் சீர்செய்த பின்னரே வெளிவிடலாம் என்ற நிலை ஏற்பட்டது.

விராலும் கெலியும் நீருக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்க வல்லவை. பிராணவாயு குன்றிய நீரிலும் பிழைத்திருக்கும். (அறுவை சிகிச்சைக்குப் பின் விரால் சாறு தேடுவோர் இதனைக் கேட்டு மகிழலாம்!) செபாராவுக்கு அத்திறன் இல்லை. ஆகவே, முன்பு செபாராவ் கிடைத்த ஓடும் ஆற்றில் இன்று விராலும் கெலியும் மட்டுமே அகப்படுமாயின், அந்நீரில் குழந்தைகளைக் குளிக்க விடுமுன் சற்று யோசியுங்கள்.

வந்தேறிய மீன்களும் உண்டு. திலாப்பியா ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து வந்தது. அதனை நாம் உண்கிறோம். கண்ணாடித் தொட்டியிலிருந்து ஆற்றில் விடப்பட்ட பண்டாராயா மீனையோ உண்பார் அரியர். அது கரையைக் குடைந்து வளை செய்கிறது. தொட்டி மீனை ஆற்றில் விடுவது இரக்கமன்று.

தூபா வேரை நசுக்கிக் கலப்பதையும், மின்சாரம் பாய்ச்சுவதையும் 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் தடைசெய்கிறது. அவற்றால் குஞ்சும் சேர்ந்தே மடியும்.

மீன்கள் திரளாக மிதக்கக் கண்டால் அள்ளிச் சமைக்காதீர்கள். நாள், நேரம், இடம், நீரின் நிறம், நாற்றம் ஆகியவற்றைக் குறித்துச் சுற்றுச்சூழல் துறைக்கு அன்றே தெரிவியுங்கள். மறுநாள் மழை பெய்தால் தடயம் கரைந்துவிடும்.