மெல்ல நடந்து தேடுவோம்



புதையல் தேடும் விளையாட்டொன்றைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம். 2000ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பார் ஒரு வாளியை மறைத்துவைத்து, அதன் இருப்பிடத்தை எண்களால் அறிவித்தார். 'ஜியோகேச்சிங்' அவ்வாறு பிறந்தது. கைப்பேசி காட்டும் இடத்திற்கு நடந்து, பெட்டியைக் கண்டு, அதிலுள்ள ஏட்டில் பெயரெழுதி, இருந்தவாறே மீண்டும் மறைத்தல் வேண்டும்.

இதில் பந்தயமில்லை, காலக்கெடுவுமில்லை. விடியலில் பால்மரம் சீவிக் களைத்த நமக்கு இதுவே ஏற்றது. திங்களுக்கு ஒன்று கண்டாலும் போதும்.

ஞாயிறன்று மலாக்கா நகருக்குச் செல்கிறோம். சாமான் வாங்கித் திரும்பிவிடுகிறோம். மலாக்கா செட்டிகள் 1781இல் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயமும், பள்ளிவாசலும், சீனக் கோயிலும் அருகருகே நிற்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் நின்று கண்டனர்? 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமையாக ஏற்ற நகரன்றோ அது! தேடும் சாக்கில் அவர்கள் நடக்கட்டும்.

தோட்டத்திலும் இதனை ஆடலாம். பழைய லயம் நின்ற இடம், தூர்ந்த கிணறு, வெட்டுக்காட்டின் பழம்பெயர் ஆகியன முதியோர் நெஞ்சில் மட்டுமே உள்ளன. அவர்கள் குறிப்புச் சொல்ல, இளையோர் தகர டப்பாவைத் தேடட்டும். முதியோர் மறைந்தால் அவ்விடங்களும் மறையும்.

நிருவாகத்தின் இசைவு பெறுவோம், மண்ணைத் தோண்டோம், மரப்பட்டையைக் காயப்படுத்தோம், வழிபாட்டிடங்களில் எதனையும் ஒளியோம், பாம்புக்கு அஞ்சிப் புதரில் கைவிடோம்.

விரைவு வேண்டா, உடன் நடப்போர் இருந்தால் போதும்.