கடலோரம் யாருக்கு? மும்பைத் துறைமுக நிலமும் ஆலை நிலம் கற்றுத்தந்த பாடமும்



இந்த நினைவுரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு நிலம்: மும்பையின் கிழக்குக் கடலோரம். தெற்கே சசூன் டாக் தொடங்கி வடக்கே வடாலா வரை, துறைமுக நிர்வாகத்தின் கையில் ஏறத்தாழ 1,800 ஏக்கர் இருக்கிறது. 1989இல் எதிர்க்கரையில் நவசேவா துறைமுகம் வந்தபின் சரக்கு வேலையில் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. 2018இல் மகாராஷ்டிர அரசு இந்த நிலத்துக்குத் திட்டம் தீட்டும் அதிகாரத்தைத் துறைமுக நிர்வாகத்திடமே ஒப்படைத்தது. அதாவது, நிலத்தின் சொந்தக்காரரே திட்டமும் தீட்டுவார். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மாநகராட்சிக்கு அந்த மேசையில் முதல் இடம் இல்லை. அந்த ஆண்டே வரைவுத் திட்டமும் வெளிவந்தது.

பயன்படாமல் கிடக்கும் நிலம் என்றுதான் இதைப் பற்றிப் பேசுகிறார்கள். போய்ப் பாருங்கள். தாருகானாவில் பழைய கப்பல்களை உடைப்பவர்கள் இருக்கிறார்கள். நிலக்கரி இறங்கியதால் பெயர் பெற்ற கோல்சா பந்தரில் குடிசைகள் இருக்கின்றன. சசூன் டாக்கில் விடியுமுன் வந்து இறால் உரிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மத்திய அரசுக்குரிய நிலம் என்பதால், இங்குள்ள குடிசைவாசிகள் மாநில அரசின் குடிசை மறுவாழ்வுத் திட்டத்துக்குள் எளிதில் நுழைய முடியவில்லை. ஆளில்லாத இடம் என்று எழுதிவிட்டால், அங்கிருக்கும் ஆளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இது எங்கே போய் முடியும் என்பதை அறிய ஜோசியம் தேவையில்லை. அதே நகரத்தின் பஞ்சாலை நிலங்களுக்கு நேர்ந்ததைப் படித்தால் போதும்.

அந்த ஆலைகளுக்குள் நம் மக்கள் எப்படி இருந்தார்கள் என்பதை முதலில் நினைவுகொள்வோம். கூலி அதிகமான நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களுக்கு வேலை கிடையாது. நாடாவில் நூல் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும். எச்சில் பட்டால் தீட்டு. 1928 வேலைநிறுத்தத்தின்போது பாபாசாகேப் அம்பேத்கர் இதை நேரடியாகக் கேள்வி கேட்டார். தொழிலாளர் ஒற்றுமை பேசிய தலைவர்களுக்கும் அந்தக் கேள்வி சங்கடமாக இருந்தது.

1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன்பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எஞ்சியது சுமார் 600 ஏக்கர் நிலம். 1991இல் வந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58, அந்த நிலத்தை ஏறக்குறைய மூன்று பங்காக்கியது. பூங்கா முதலிய பொதுத் தேவைக்காக மாநகராட்சிக்கு ஒன்று, பொது வீட்டுவசதிக்கு ஒன்று, உரிமையாளருக்கு ஒன்று. காகிதத்தில் இது நியாயமான விதிதான்.

2001இல் அந்த விதியைத் திருத்தினார்கள். பங்கு பிரிப்பதை யாரும் ரத்து செய்யவில்லை. கட்டடம் இல்லாமல் ஏற்கெனவே காலியாக இருக்கும் இடத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்று மாற்றினார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 ஏக்கர் ஆலை. அதில் 24 ஏக்கரில் கொட்டகைகள் நிற்கின்றன. பழைய விதிப்படி வீட்டுக்கு 10, பூங்காவுக்கு 10 ஏக்கர் வரும். புதிய விதிப்படி மிச்சமிருக்கும் 6 ஏக்கரைத்தான் பங்கிட வேண்டும். தலைக்கு 2 ஏக்கர். கொட்டகையை இடித்தபின் வெறுமையாகும் 24 ஏக்கர் முழுக்க உரிமையாளருக்கு. வழக்கு நடந்தது. 2005இல் மும்பை உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. இன்று அங்கே வணிக வளாகங்களும் அடுக்கு மாளிகைகளும் நிற்கின்றன.

கவனியுங்கள் தோழர்களே. நிலம் ஒரு வரையறையில் கைமாறியது.

இதற்கு மாறான ஓர் அனுபவமும் உண்டு. தாதர் கடற்கரையில் சைத்ய பூமிக்கு அருகில் இந்து மில் இருந்தது. 2011 டிசம்பரில் அம்பேத்கரியத் தொண்டர்கள் அதற்குள் நுழைந்து அமர்ந்தார்கள். அடுத்த ஆண்டே அந்த நிலம், சுமார் 12 ஏக்கர், பாபாசாகேப் நினைவிடத்துக்கு என்று அரசு அறிவித்தது. மாற்றவே முடியாத விதி எதுவும் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. நினைவிடத்துக்கு நிலம் வாங்கிய அதே வலிமையோடு வீட்டுக்கும் வேலைக்கும் நாம் நிலம் கேட்டோமா என்பது நம் இயக்கங்கள் பேச வேண்டிய கேள்வி.

ஆகவே துறைமுக நிலத்தில் மூன்றைக் கேட்போம். ஒன்று, கோடு போடுமுன் அங்கே குடியிருப்பவர், உழைப்பவர் அனைவரையும் கணக்கெடுத்து அந்தப் பட்டியலை வெளியிட வேண்டும். இரண்டு, மறுகுடியமர்வு அதே கடலோரத்தில் நடக்க வேண்டும். வேலையிலிருந்து பல மைல் தள்ளித் தரும் வீடு வேலையைப் பறிக்கும் வீடு. மூன்று, பொதுப் பங்கு மொத்த நிலத்திலிருந்து வர வேண்டும். காலியிடத்திலிருந்து மட்டும் அல்ல.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணூரோ, தூத்துக்குடியோ, உங்கள் ஊர்க் கடலோரத்துக்கும் இப்படியொரு வரைவு வரும்போது, ஆட்சேபம் தெரிவிக்கும் கெடு முடியுமுன் அதை வாங்கிப் படியுங்கள். தலித் இலக்கியத்தை நாம் வரி வரியாக வாசிக்கப் பழகியிருக்கிறோம். அரசிதழையும் அப்படி வாசிப்போம். அதில் வரையறைகள் இருக்கும் பக்கத்தை முதலில் திறப்போம்.

ஜெய்பீம்.