கண் திருஷ்டியும் கண் கூசும் விளக்கும்



இன்று நாம் பேச வந்தது மோட்சத்தைப் பற்றியல்ல. இரவில் ஓடும் மோட்டார் வண்டிகளின் முன்விளக்கைப் பற்றி. இது அற்ப விஷயம் என்று சிலர் நினைக்கலாம். வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியே தோல் பதனிடும் ஊர்களும் செருப்புத் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. வேலை முடித்து இருட்டில் சைக்கிளிலும் கால்நடையாயும் வீடு திரும்புகிற நம்மவர்க்கு இது உயிர்ப் பிரச்சினையாகும்.

எதிர் வண்டியின் விளக்கு கண்ணில் அடித்தால் நடப்பதென்ன? கண்பாவை உடனே சுருங்கிக் கொள்கிறது. வெளிச்சம் போனபின் அது விரிய அதிக நேரம் பிடிக்கிறது. இருட்டில் பார்க்க உதவும் விழித்திரைப் பொருளும் வெளுத்துப் போய் மெதுவாகவே திரும்புகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, மூன்று விநாடி கண் தெரியாவிட்டால் 50 மீட்டர் குருட்டுத்தனமாய் ஓடுகிறது. அந்த 50 மீட்டருக்குள் ஒரு தொழிலாளி ஓரமாய்ப் போய்க்கொண்டிருந்தால் அவன் கதி என்ன? வயதானவர், கண்புரையுள்ளவர் பாடு இன்னும் மோசம்.

செத்தவன் வீட்டில் இதை "விதி" என்கிறார்கள். வண்டிக்காரரோ "திருஷ்டி" என்று சொல்லி எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகிறார், பூசணிக்காய் உடைக்கிறார். நாம் கேட்கிறோம்: ஊரார் கண் இவர் வண்டியைக் கெடுத்ததா, இவர் விளக்கு ஊரார் கண்ணைக் கெடுத்ததா? எலுமிச்சம்பழம் கட்டத் தெரிந்த கைக்கு டிம் சுவிட்சைத் தட்டத் தெரியவில்லையே!

சட்டம் இல்லாமலில்லை. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி, 8 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்திலுள்ள கண் கூசாதபடி விளக்கின் ஒளி தாழ்ந்திருக்க வேண்டும், அல்லது ஓட்டுகிறவர் தாழ்த்தக் கூடியதாய் இருக்க வேண்டும் என்கிறது. அந்த உயரம் நின்றுகொண்டிருக்கும் மனிதனின் கண்மட்டத்துக்குக் கிட்டத்தட்டச் சரி. ஆகவே காரில் போகிறவனோடு நடந்து போகிறவனையும் சட்டம் கணக்கில் வைத்திருக்கிறது. நாம்தான் வைப்பதில்லை.

நெடுஞ்சாலையின் நடுவே அரளிச்செடி இருக்கிறதே, அது சாமிக்கு மாலை கட்டவா? எதிர் விளக்கை மறைக்கத்தான். இது மனிதனின் அறிவு செய்த காரியம். ஆனால் நடுத்திட்டே இல்லாத கிராமத்துச் சாலையில் அரளியும் இல்லை. அங்கே ஓட்டுகிறவரின் நாணயம் ஒன்றுதான் மறைப்பு.

"டிம் செய்தால் எனக்கு வழி தெரியவில்லையே" என்பார்கள். தெரியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். "முதலில் அவன் தாழ்த்தட்டும்" என்பார்கள். அவனும் அப்படியே சொன்னால் இரண்டு குருடர்களல்லவா எதிரெதிரே வருகிறார்கள்? தன் வழி தெரிந்தால் போதும், எதிரே வருகிறவன் குருடானாலென்ன என்பது வழிப்பறிக்காரன் நியாயமேயாகும்.

ஆதலால் தோழர்களே, எதிரே வண்டி கண்டதும் டிம் செய்யுங்கள். முன்னே போகும் வண்டியை நெருங்கும்போதும் செய்யுங்கள். அவர் கண்ணாடியிலும் உங்கள் விளக்கு அடிக்கும். கடையில் வாங்கிய பெருவெளிச்ச விளக்குகளைக் கழற்றி எறியுங்கள். மேல்நோக்கிப் பார்க்கும் விளக்கை மெக்கானிக்கிடம் தாழ்த்திக் கொள்ளுங்கள். கண் கூசினால் பதிலுக்குப் பிரைட் அடிக்காமல், வேகத்தைக் குறைத்து இடப்பக்க ஓரத்தைப் பாருங்கள். சைக்கிள்காரத் தோழர்கள் பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் மாட்டுங்கள். எலுமிச்சம்பழத்துக்குக் கொடுக்கும் காசு இதற்கு ஆகட்டும்.

வெளிச்சம் வழி காட்டுவதற்கே. பிறர் கண்ணைக் கெடுப்பதற்கல்ல.