காலேப் காத்திருந்த 45 வருஷம்



எண்ணாகமம் 13, 14 அதிகாரங்களை இன்றைக்கு ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஓரேபிலிருந்து காதேஸ் பர்னேயாவுக்குப் 11 நாள் பயணம். இஸ்ரவேல் ஜனங்கள் அங்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். கானானை வேவு பார்க்க மோசே 12 பேரை அனுப்புகிறார். 40 நாள் கழித்துத் திரும்புகிறார்கள். எஸ்கோல் பள்ளத்தாக்கில் அறுத்த திராட்சைக்குலை ஒன்றை ஒரு தடியில் கட்டி, இரண்டு பேர் சுமந்து வருகிறார்கள். கூடவே மாதுளம்பழமும் அத்திப்பழமும்.

12 பேரும் சுற்றிவந்தது ஒரே தேசம்தான். ஆனால் 10 பேர், அந்தத் தேசத்து இராட்சதருக்கு முன்னால் நாங்கள் வெட்டுக்கிளி மாதிரி இருந்தோம் என்றார்கள். காலேப்போ, உடனே புறப்படுவோம், நம்மால் முடியும் என்றார். யோசுவா அவரோடு நின்றார்.

அன்று இராத்திரி முழுக்கப் பாளயத்தில் அழுகை. எகிப்துக்கே திரும்பிப் போக ஒரு தலைவனை ஏற்படுத்துவோம் என்கிற பேச்சு. செங்கடலைக் கால் நனையாமல் கடந்த ஜனம் இது! அன்றாடம் மன்னாவைப் பொறுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜனம். கடவுள் இல்லை என்று அந்தக் கூடாரங்களில் எவரும் சொன்னதாக வேதத்தில் இல்லை. அவர் இருக்கிறார், ஆனால் இந்தக் காரியத்தில் அவரை நம்பிக் காலெடுத்து வைக்க முடியாது என்று நினைத்தார்கள். அவ்வளவுதான். அவிசுவாசம் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது.

நம் வீடுகளிலும் அப்படித்தான் வருகிறது. வழிதப்பிப் போன மகனுக்காக வருஷக்கணக்கில் ஜெபித்த ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு ஆராதனை தவறுவதில்லை. காணிக்கைக் கவர் மாதாமாதம் போகிறது. ஆனால் இராத்திரி குடும்ப ஜெபத்தில் அந்த மகன் பேரைச் சொல்வது எப்போதோ நின்றுபோயிற்று. பக்கத்தில் முழங்கால் போட்டிருக்கிறவர்களுக்குக்கூட அது தெரிந்திருக்காது. அந்தத் தாயைக் குறைசொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர்களைத் தனியே விட்டுவிட்ட நம்மைப்பற்றித்தான் கவலை. எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 3-ம் அதிகாரம் இதே வனாந்தரச் சம்பவத்தை எடுத்துச் சொல்லி, விசுவாசிகளைத்தான் எச்சரிக்கிறது. நாள்தோறும் ஒருவருக்கொருவர் புத்தி சொல்லச் சொல்கிறது. 10 பேருடைய வாய்ப்பேச்சு ஒரே இராத்திரியில் ஒரு ஜனத்தையே சாய்த்துவிட்டதே! சோர்ந்திருக்கிறவர் காதில் தினமும் விழுவது யாருடைய பேச்சு என்று நாம் கவனிக்க வேண்டாமா?

இனி காலேப்புக்கு வருவோம். 20 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் வனாந்தரத்திலேயே மடிவார்கள் என்பது கடவுளின் தீர்ப்பு. காலேப்புக்கும் யோசுவாவுக்கும் மட்டும் அதிலிருந்து விலக்கு. ஆனாலும் மற்றவர்களுடைய அவிசுவாசத்துக்காக அவர்களும் சேர்ந்து அலைய வேண்டியதாயிற்று. காலேப்புக்கு அப்போது வயது 40. தன்மேல் கல்லெறியப் பார்த்த அதே ஜனத்தோடு நடந்தார். தன் வயதுக்காரர் எல்லாரும் மணலுக்குள் போவதைப் பார்த்தார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவர் கசந்துகொண்டதாக ஒரு வரி கிடையாது. அந்தப் பாளயத்தில் அவர் பேசிய ஒரு நாளைவிட, பேசாமல் நடந்த இந்த வருஷங்கள்தான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

85 வயதில் கில்காலில் யோசுவாவின் முன்னால் வந்து நிற்கிறார். சமவெளியைக் கேட்கவில்லை. அந்த இராட்சதரான ஏனாக்கியர் குடியிருக்கும் எபிரோன் மலைநாட்டைக் கேட்கிறார். வேவு பார்க்கப் போன காலத்தில் அங்கே இருந்தவர்கள் அகீமான், சேசாய், தல்மாய். யோசுவா 15-ம் அதிகாரத்தைப் பாருங்கள்: காலேப் துரத்திவிட்டவர்களின் பெயர்களும் அவையே.

அதே அதிகாரத்தில் அவர் மகள் அக்சாள் வருகிறாள். வறட்சியான நிலத்தைக் கொடுத்தீர்கள், நீரூற்றும் வேண்டும் என்று அப்பாவிடம் கூசாமல் கேட்கிறாள். மேலூற்றையும் கீழூற்றையும் சேர்த்தே கொடுக்கிறார். அவள் கணவன் ஒத்னியேல்தான் பின்னாளில் இஸ்ரவேலின் முதல் நியாயாதிபதி. அவர் காலத்தில் தேசம் 40 வருஷம் அமைதியாக இருந்தது.