மூக்கில் பிடிக்கும் பூசணம்



மழைக்காலத்தில் புதிதாகச் சீவிய வெட்டுப்பட்டையில் பூசணம் பிடிப்பதை நாம் அறிவோம். மனித உடம்புக்கும் அப்படியொரு வினை உண்டு. மண்ணிலும் மக்கிய சருகிலும் வாழும் பூசணத்தின் வித்துகளை நாம் அன்றாடம் சுவாசிக்கிறோம். வலுவுள்ள உடம்பு அதை விரட்டிவிடும். கட்டுக்கடங்காத இனிப்புநீராலோ, புற்றுநோய் மருந்தாலோ, நெடுநாள் ஸ்டீராய்டாலோ வலுவிழந்த உடம்பில் அது மூக்கருகே புகுந்து, கண்ணுக்கும் மூளைக்கும் பரவும்.

இந்தியாவில் 2021இல், கோவிட் வேளையில், 'கரும்பூஞ்சை' என்று பேசப்பட்டது இதுவே. அவ்வாண்டு ஜூலைக்குள் 45,000 பேருக்கு மேல் நோய் கண்டது. 4,300 பேருக்கு மேல் மாண்டனர்.

இனிப்புநீர் உள்ள நமக்கு ஒரு பக்க முகவலி, வீக்கம், மூக்கில் கருஞ்சளி, இரட்டைப் பார்வை, மேலண்ணம் கறுத்தல் கண்டால், நாளைக்கு என்று தள்ளலாகாது. அன்றே சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குச் செல்வோம். அறுவைச் சிகிச்சையும் ஆம்ஃபோடெரிசின் மருந்தும் காலத்தில் கிடைத்தால்தான் கண்ணும் உயிரும் தப்ப வழியுண்டு. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நோயாளியை ஒதுக்க வேண்டாம்.

ஒருநாள் பேர் போய்விடுமே என்று அஞ்சுகிறோம். மருத்துவர் சான்று தந்தால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளத்தோடு விடுப்புத் தருகிறது. அது சலுகையன்று, நம் உரிமை. இனிப்புநீரைத் தவறாது சோதிப்போம், மருந்தை நிறுத்தாதிருப்போம். மரத்தின் பட்டைக்கு மருந்து பூசும் நாம், நம் உடம்பை மறக்கலாமா?