பூங்கா யாருக்கு?

(உத்தரகோசமங்கைப் பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



பூங்காக்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றவுடன் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். "குடிக்கிற தண்ணீருக்குத் தள்ளுவண்டியில் குடங்களை ஏற்றிக்கொண்டு அலைகிற ராமநாதபுரம் ஜில்லாவில், கண்மாய் நிறைந்தால்தான் நெல் என்கிற ஊரில், பூங்கா எதற்கு? அது பட்டணத்துக் கனவான்கள் மாலையில் காற்று வாங்குகிற இடமல்லவா?" என்று கேட்கலாம். கேட்பது நியாயந்தான். ஆனால் தோழர்களே, பூங்கா என்பது பூச்செடி விஷயமல்ல. அது நில விஷயம். ஓர் ஊரில் எல்லோருக்கும் பொதுவான நிலம் எவ்வளவு இருக்கிறது, அதில் யார் கால் வைக்கலாம், யார் உட்காரலாம், அதை யார் விழுங்குகிறார்கள் என்கிற விஷயம். நிலம் பறிபோவது எப்படி என்று குடியானவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் இதை இங்கே வந்து பேசுகிறேன். மேலும், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பிழைப்புக்கு மதுரைக்கும் சென்னைக்கும் போய்ப் பத்தடி அறையில் பலபேராய்ப் படுத்துக் கிடக்கிறார்கள். அவர்களுக்கு மூச்சு விட இடம் உண்டா இல்லையா என்பது உங்கள் வீட்டு விஷயமேயாகும்.

முன்காலத்தில் நம் நாட்டில் தோட்டம் இல்லையா என்றால், இருந்தது. ராஜாவுக்கு அரண்மனைத் தோட்டம் இருந்தது. சாமிக்கு நந்தவனம் இருந்தது. நந்தவனத்துக்கு மானியம் விட்டார்கள். பூத்த பூவெல்லாம் கல்லுக்கும் செம்புக்கும் போயிற்று. பாடுபட்டவன் அந்தப் பூவைக் குழந்தையின் தலையில் வைத்தால் பாவம் என்றார்கள். ஜாதி கேட்காமல் எந்த மனிதனும் வந்து உட்கார, எந்தக் குழந்தையும் ஓடி விளையாட, பொதுப் பணத்தில் ஒரு தோட்டம் வேண்டும் என்று நந்தவனத்துக்கு மானியம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

இந்த ஊரையே எடுத்துக் கொள்ளுங்கள். இங்குள்ள மரகத நடராஜர் சிலையின்மேல் வருஷம் முழுவதும் சந்தனம் பூசி மூடியிருக்கிறது. மார்கழித் திருவாதிரைக்கு அதைக் களைகிறார்கள். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து நெரிபடுகிறார்கள். கோயிலில் ஓர் இலந்தை மரமும் இருக்கிறது. மூவாயிரம் வருஷத்து மரம் என்கிறார்கள். மரத்தின் வயதைப் பற்றி எனக்கு வழக்கில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: அந்த மரம் இன்றைக்கும் நிற்கிறதே, நிற்க வைத்தது யார்? ஆகாயத்திலிருந்து யாராவது வந்து தண்ணீர் ஊற்றினார்களா? மனிதன்தானே வெட்டாமல் காப்பாற்றினான்! வெட்டக் கூடாது என்ற ஒரு கட்டுப்பாடு இருந்தது, மரம் பிழைத்தது. அதே கட்டுப்பாட்டைக் கோயில் மதிலுக்கு வெளியே இருக்கிற வேம்புக்கும் புளிக்கும் பனைக்கும் ஏன் வைக்கக் கூடாது? கதை சொன்னால்தான் மரத்தைக் காப்போம், நிழல் தருகிறது என்று அறிவு சொன்னால் காக்கமாட்டோம் என்றால், அது மனித யோக்கியதைக்கு அழகா?

இனி, பொது இடத்தில் கால் வைக்கும் உரிமை நமக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். நமக்கு அருகிலுள்ள கமுதியில் 1897-இல் நாடார்கள் சிலர் கோயிலுக்குள் போனார்கள். ராமநாதபுரம் ராஜா வழக்குப் போட்டார். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் உள்ளே போனவர்களுக்கு விரோதமாகவே தீர்ந்தது. வழக்கம் இல்லையாம், அதனால் உரிமையும் இல்லையாம்! 1924-இல் வைக்கத்தில் நடந்தது கோயிலுக்குள் போகிற கிளர்ச்சிகூட அல்ல. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கிற கிளர்ச்சி. அதற்காகவே பெரியார் சிறைக்குப் போனார். அதே வருஷத்தில் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டு வந்தார். 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆவது விதி, சர்க்கார் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் எதிலும் ஜாதி, மதம், பால் காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. பூங்கா என்பது இந்தப் "பொதுமக்கள் கூடும் இடம்" ஆகும். ஆகவே அது எந்த ராஜாவும் இனாமாகக் கொடுத்ததல்ல. அடிபட்டும் சிறைப்பட்டும் வாங்கிய உரிமை.

இப்படி வாங்கியதை இன்று மூன்று வாய்கள் விழுங்குகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறேன்.

முதல் வாய், கட்டடம். 1859-இல் சென்னைக்குக் கவர்னராக வந்த டிரெவெலியன், நகரத்து மக்களுக்காக 116 ஏக்கரில் "மக்கள் பூங்கா" என்று ஒன்றை ஏற்படுத்தினார். அது எங்கே என்று இன்று சென்னைக்குப் போய்த் தேடிப் பாருங்கள். விக்டோரியா மண்டபம் ஒரு மூலையைத் தின்றது. மூர் மார்க்கெட் ஒரு மூலையைத் தின்றது. 1913-இல் கார்ப்பரேஷன் மாளிகையே அங்கு எழுந்தது. பிறகு விளையாட்டு அரங்கம் வந்தது. ஒவ்வொன்றும் நல்ல காரியந்தானே என்றுதான் கட்டினார்கள். நல்ல காரியங்கள் எல்லாம் சேர்ந்து பூங்காவைத் தீர்த்துவிட்டன! ஜஸ்டிஸ் கட்சி ஆட்சிக் காலத்தில் தியாகராய நகர் உருவானபோது, நடுவில் பனகல் ராஜா பெயரால் பூங்காவுக்கு இடம் விட்டுத் தெருக்களை வகுத்தார்கள். முதலில் இடம் விட்டதால் இன்றும் அது இருக்கிறது. ஆனால் அந்த நகருக்காக மாம்பலத்துப் பெரிய ஏரியை வற்றடித்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கண்மாயைக் கெடுத்துப் பூங்கா வைப்பது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குகிற கதைதான்.

இரண்டாவது வாய், சாமி. பொது இடம் ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தால் முதலில் அங்கே வருவது யார்? ஒரு செங்கல். செங்கலுக்கு மஞ்சள் துணி. அடுத்த வெள்ளிக்கிழமை உண்டியல். அடுத்த வருஷம் கூரை, மதில், ஒலிபெருக்கி. அப்புறம் அந்த இடத்தில் விளையாடிய பையனை "செருப்பைக் கழற்றிவிட்டு வா, இல்லாவிட்டால் போ" என்கிறார்கள். பிள்ளையார் மாத்திரம் இப்படி வருகிறார் என்று நினைக்காதீர்கள். எந்த மதத்தின் பேராலும் இது நடக்கும். 2009 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டே, கோயில், சர்ச், மசூதி, குருத்துவாரா எதன் பேராலும் தெருவிலும் பொதுப் பூங்காவிலும் அனுமதியற்ற கட்டடம் எழுப்பவிடக் கூடாது என்று உத்தரவிட்டது. இதை நாஸ்திகர்கள் எழுதவில்லை, நீதிபதிகள் எழுதினார்கள்.

மூன்றாவது வாய், டிக்கெட்டு. 2024 அக்டோபரில் சென்னை கதீட்ரல் சாலையில் சர்க்கார் ஒரு பெரிய பூங்காவைத் திறந்தது. நல்ல பூங்காதான், கலைஞர் பெயரும் வைத்தார்கள். ஆனால் நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50 ரூபாய் என்று வைத்தார்கள். கணக்குப் போடுங்கள். புருஷன், மனைவி, இரண்டு குழந்தைகள் உள்ளே போக 300 ரூபாய். அந்த வருஷத்தில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 319 ரூபாய். ஒரு நாள் முழுவதும் மண் வெட்டியவன் குடும்பத்தோடு ஒரு மாலை உள்ளே போய் வந்தால் மிச்சம் 19 ரூபாய்! கோயில் வாசலில் ஜாதி கேட்டார்கள்; இங்கே பணம் கேட்கிறார்கள். வெளியே நிற்கிறவன் பெரும்பாலும் அதே மனிதன்தான். நம்மவர் சர்க்கார் செய்தாலும் தவறு தவறுதான். அதைச் சொல்ல நமக்கே உரிமை அதிகம்.

வெளிநாட்டாரைப் பார்த்து எல்லாவற்றையும் காப்பியடிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 1847-இல் பர்க்கன்ஹெட் என்ற ஊரில் பொதுப்பணத்தில் பூங்கா திறந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுப் போன ஒரு அமெரிக்கர் பிற்பாடு நியூயார்க்கின் பெரிய பூங்காவை வகுத்தவர்களில் ஒருவரானார். ஆனால் அந்த நியூயார்க் பூங்காவுக்கு இடம் எடுத்தபோது, 1857-க்குள் செனிகா கிராமம் என்ற ஓர் ஊரையே காலி செய்தார்கள். அங்கு குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் சொந்த நிலமும் சர்ச்சும் பள்ளிக்கூடமும் ஏற்படுத்திக் கொண்டிருந்த கறுப்பு மக்கள். ஆகவே "ஊரை அழகாக்குகிறோம்" என்று யாராவது சொன்னால், யாரைத் துரத்தி அழகாக்குகிறீர்கள் என்று கேட்க வேண்டியது நமது கடமை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் என்ற நகரில் 1883 முதல் பூங்காக்களுக்கென்றே தனி போர்டு இருக்கிறது. அதன் அங்கத்தினர்களை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பூங்காவைக் கெடுத்தால் அடுத்த தேர்தலில் பதில் சொல்ல வேண்டும். நமக்கு அப்படித் தனி போர்டு இல்லாவிட்டாலும் 1959-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. பூங்கா, விளையாட்டு மைதானம், திறந்தவெளி இவற்றுக்கு ஜாபிதாவும் படமும் நகரசபைகள் தயாரிக்க வேண்டும் என்று அது சொல்லுகிறது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போகப் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. பெங்களூரில் பூங்காவுக்கென்று விட்ட இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தபோது, அந்த வட்டாரத்தார் வழக்காடி 1991-இல் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார்கள். சட்டம் இருக்கிறது, கேட்கிற ஆள்தான் வேண்டும்.

பூங்கா வகுக்கிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை ஐந்து. ஒன்று, முதல் பூங்கா பங்களாத் தெருவிலல்ல, வீடு நெருங்கிக் கிடக்கிற சேரியிலும் தொழிலாளர் பகுதியிலும் வர வேண்டும். இரண்டு, வாசலில் கட்டணம் கூடாது. மூன்று, எந்த மதச் சின்னமும் உள்ளே வரக் கூடாது. நான்கு, பெண்கள் பயமின்றி உட்கார விளக்கும் கக்கூசும் தண்ணீரும் இருக்க வேண்டும். ஊர் மரத்தடியெல்லாம் ஆண்களுக்கே பட்டா என்ற நிலை ஒழிய வேண்டும். ஐந்து, மண்ணுக்கு ஏற்ற மரம் வைக்க வேண்டும். வருஷத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டி ஓய்ந்துவிடுகிற நமது ஜில்லாவில், தினம் தண்ணீர் கேட்கிற சீமைப் புல்தரை பைத்தியக்காரத்தனம். வேம்பு, புங்கு, பூவரசு, புளி, பனை ஆகியவை போதும். சீமைக்கருவேலம் தானாக முளைத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, மரம் இருக்கிறதே என்று திருப்திப்பட வேண்டாம். அதன் முள்ளின்கீழ் எந்தக் குழந்தை விளையாடும்?

கிராமத்தாருக்கும் ஒரு வேலை உண்டு. வருஷத்தில் ஆறு தடவை கிராமசபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் எழுந்து, நம் ஊர்ப் புறம்போக்கு எவ்வளவு, ஊருணிக் கரை எவ்வளவு, யார் கையில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குக் கேளுங்கள். மிச்சம் இருக்கிற இடத்தில் மரம் வையுங்கள். மேலத்தெரு, கீழத்தெரு, காலனி எல்லாப் பிள்ளைகளும் ஒரே நிழலில் விளையாடட்டும். ஒரே நிழலில் விளையாடி வளர்ந்தவர்களுக்கு, பெரியவர்களான பிறகு தனித் தனி டம்ளர் வைக்கக் கை வராது.

தோழர்களே! சந்தனம் களைகிற நாள் வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறது. வெயில் எல்லா நாளும் அடிக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கு எது அவசரம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் சொன்னதில் உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக் கொண்டு, கிராமசபையில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள் என்று சொல்லி இத்துடன் முடித்துக் கொள்ளுகிறேன்.